பெட்டிக்கு ஒரு மைக்

தென்கெடா இசைவாணர் நலப் பேரவையின் விதிமுறைப் புத்தகத்தில் நாற்காலிகளைப் பற்றி நான்கு பக்கங்கள் இருக்கின்றன. மாலைகளைப் பற்றி மூன்று. பொன்னாடையை யாருக்கு முதலில் போர்த்துவது என்பதற்குத் தனி அட்டவணையே உண்டு. இசையைப் பற்றி அரைப் பக்கம் வருகிறது. அதன் கடைசி வரி, 'இது குறித்துச் செயற்குழு பின்னர் முடிவெடுக்கும்' என்பது. பேரவை தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

கோலா கெத்திலில் வசித்த நளினிக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, தீபாவளி முடிந்த மறுவாரம் அவள் கணவர் நடராஜாவின் இடது கைச் சுண்டுவிரல் மடங்க மறுத்தது என்பதுதான்.

நடராஜா செம்பனை ஆலையில் ஸ்டோர் கிராணி, சரக்குக் கணக்கு எழுதுபவர். சனி ஞாயிறுகளில் கல்யாண இசைக்குழுவில் எலக்ட்ரிக் கிட்டார். பெண்டாங்கிலிருந்து கூலிம் வரை முப்பது வருடங்களாக அவர் வாசிக்காத மண்டபம் கிடையாது. ஆனால் நோட்டீஸில் அவர் பெயர் வந்ததில்லை. பாடுகிறவர்களின் பெயர் வரும், அறிவிப்பாளரின் பெயர் வரும், சில சமயம் நாற்காலி வாடகைக்கு விட்டவரின் பெயர்கூட வரும்.

அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் மலாய் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். நரம்பு சம்பந்தப்பட்ட நோய். ஒவ்வொரு விரலாகப் போகும். இடது கைக்கு ஒரு வருடம், கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். அதற்குப் பிறகு வலது கை. அதற்குப் பிறகு என்ன என்று நளினி கேட்கவில்லை.

திரும்பும் வழியில் குரூண் தாண்டியதும் நடராஜா நளினி பக்கம் திரும்பினார்.

"ஒரே ஒரு தடவ ரெக்கார்ட் பண்ணிரணும் நளினி," என்றார்.

"எந்தப் பாட்டுங்க?"

"பாட்டு இல்ல. என்னோடது. பின்னால ரூம்ல வாசிப்பேன்ல, அது."

அதற்குப் பெயர் இல்லை, சொற்கள் இல்லை, பாடுவதற்கு ஆள் தேவையில்லை. எட்டு நிமிடம். வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. நளினி சமையல் செய்தபடியே கேட்டுப் பழகிய இசை அது. வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் பதிவு செய்து பார்த்தார்கள். நடராஜா பாதி வரை கேட்டுவிட்டு அழித்தார். "கொசு மாதிரி இருக்கு. முப்பது வருஷம் பின்னால நின்னாச்சு. ஒரு தடவையாவது சரியா எடுக்கணும்," என்றார்.

அப்போதுதான் பேரவையிலிருந்து கடிதம் வந்தது. 'மண்ணின் நாதம்' என்ற திட்டத்தில் பத்துக் கலைஞர்களின் இசையைப் பதிவு செய்து, அவரவர் பெயருடன் வெளியிடப் போகிறார்கள். சுங்கைப்பட்டாணி மண்டபத்துக்குப் பின்னால் புதிய ஒலிப்பதிவுக் கூடம் கட்டியிருக்கிறார்கள். பத்துப் பெயர்களில் முதல் பெயர் நடராஜா. அவர் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். மறுநாள் நளினி அதை லேமினேட் செய்துகொண்டு வந்தபோது, "இதுக்கெல்லாமா லா?" என்று கேட்டுவிட்டு, வாங்கி நான்காவது தடவையும் படித்தார்.

கூடத்தின் ஒலிப்பதிவாளர் ஜரீனா. சுங்கைப்பட்டாணியில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜக்கரியாவின் மகள். கோலாலம்பூரில் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்திருந்தாள். அவளே வீடு தேடி வந்து, நடராஜா வாசிக்க வாசிக்க, அவருடைய ஆம்ப் பெட்டிக்கு முன்னால் தரையில் மண்டியிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, இந்தப் பெட்டிச் சத்தத்துல ஒரு கூர் இருக்கு. நேர்ல கேட்டா இனிப்பா இருக்கு. சாதா மைக் வச்சோம்னா அது கத்தியாயிரும். ரிப்பன் மைக்தான் வேணும்."

"அது என்னம்மா?" என்றாள் நளினி.

"உள்ள அலுமினியத்துல ஒரு நாடா தொங்கும் அக்கா. முடிய விட மெல்லிசு. சத்தம் பட்டா ஆடும், அவ்ளோதான் லா. கூர மழுக்கிக் குடுக்கும், நம்ம காது மாதிரி. ஒரே சுசா, ஒரே தொல்லை என்னன்னா, காத்துப் பட்டா செத்துரும். யாரும் ஊதிரக் கூடாது."

நடராஜா சிரித்தார். மைக்கை யார் ஊதப் போகிறார்கள்?

கூடம் இன்னும் திறப்புவிழா காணவில்லை. அதனால் பூட்டியே இருந்தது. சாவி பொருளாளர் லோகேஸ்வரியின் கைப்பையில் இருந்தது. மைக் வாங்குவதற்குக் கலைஞர் தரப்பிலிருந்து விண்ணப்பம் வர வேண்டும் என்றார்கள். நளினி அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பேரவைச் செயலாளர் பழனியாண்டியைப் பார்க்கப் போனாள். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"பாடகர் பேரு?" என்றார் பழனியாண்டி, விண்ணப்பப் போரங்கை, அந்தப் படிவத்தை, எடுத்து வைத்துக்கொண்டு.

"பாடகர் இல்ல சார். என் வீட்டுக்காரரு கிட்டார் வாசிக்கிறாரு."

"வாசிச்சிக்கிட்டே பேசுவாரா?"

"பேச மாட்டாரு சார்."

"அப்ப மைக் யாருக்கு?"

"பெட்டிக்கு சார். கிட்டார்லருந்து வயரு பெட்டிக்குப் போவும். சத்தம் பெட்டியிலதான் வரும். அதுக்கு முன்னால மைக் வைக்கணும்."

பழனியாண்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பெட்டியே சத்தம் போடுதுன்னா அதுக்கு எதுக்கும்மா மைக்? சத்தம் இல்லாதவங்களுக்குத்தான் மைக். எங்க துணைத்தலைவரு கேட்டாருன்னா நியாயம் இருக்கு, தொண்டையில ஆபரேஷன்."

நளினி கைப்பையைத் திறந்தாள். ஜரீனா எழுதிக் கொடுத்திருந்த தாளை நீட்டினாள். அவர் அதைப் படிக்காமல் கோப்பில் வைத்து, போரங்கில் 'பயனர்' என்ற இடத்தில் 'பெட்டி (1)' என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

"ஐசி நம்பர்? அடையாளக் கார்டு நம்பர்?"

"பெட்டிக்கா சார்?"

"பயனர்னு போட்டாச்சேம்மா."

நளினி வீட்டுக்குப் போன் செய்தாள். நடராஜா பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் ஒட்டியிருந்த எண்ணைப் படித்துச் சொன்னார். அதை எழுதிக்கொண்ட பழனியாண்டி, "பாத்தீங்களா, இருக்குல்ல," என்று திருப்தியாகச் சொன்னார். பெட்டி நேரில் வந்து கையெழுத்திட முடியாது என்பதால் அதன் பிரதிநிதியாக நளினி கையெழுத்திட்டாள்.

மைக் தேர்வுக் குழு மார்ச் மாதம் கூடியது. அதற்குள் நடராஜாவின் மோதிர விரலும் போய்விட்டது. அவர் பின்னறையில் உட்கார்ந்து, மீதி இருந்த இரண்டு விரல்களுக்கு ஏற்றபடி இசையை மாற்றிக்கொண்டிருந்தார். எட்டு நிமிடம் ஆறு நிமிடமானது. "கொழுப்பு போயி நல்லாதான் இருக்கு," என்றார்.

பினாங்கிலிருந்து மூன்று மைக்குகள் பரிசோதனைக்காக வந்திருந்தன. ஒன்று மேடைகளில் பார்க்கும் சாதாரண மைக். மற்ற இரண்டும் ரிப்பன். அவற்றில் ஒன்று விரல் நீளத்தில் கறுப்பாக, பார்க்க ஒன்றுமில்லாதது போல இருந்தது. ஜரீனா பரிந்துரைத்தது அதைத்தான். சத்தமான பெட்டிக்கு முன்னால் வைத்தாலும் தாங்குவதற்கென்றே செய்தது. மற்றது பெரிய மருந்து மாத்திரை போல, வெள்ளி நிறத்தில், கம்பி வலையுடன் பளபளத்தது.

நடராஜா பெட்டியைக் காடியின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் பயனர், தேர்வுக் கூட்டத்தில் கலந்துகொண்டால் அது நடுநிலைக்குப் பாதகம் என்று பழனியாண்டி விதியைக் காட்டினார். எனவே பெட்டியும் அதை வாசிப்பவரும் வெளியே போர்ச்சில் இருந்தார்கள். நளினி பிரதிநிதி என்பதால் உள்ளே போகலாம், பேசக் கூடாது.

குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் ஒவ்வொரு மைக்கின் முன்பும் எழுந்து நின்று வரவேற்புரையின் முதல் பத்தியைச் சொன்னார்கள். பரிசோதனை முறை அதுதான். ஒவ்வொருவரும் வாயைத் திறக்கும் முன் கன்னத்தை உப்பினார்கள். ஜரீனா ஒரு கோப்பை விரித்து, வாய்க்கும் மைக்குக்கும் நடுவே மறைப்பாகப் பிடித்தபடி ஏழு பேருடனும் நகர்ந்துகொண்டே இருந்தாள். "ஊதாதீங்க சார், ப்ளீஸ். ஊதாதீங்க ஆண்ட்டி."

"ஊதாம மைக் வேல செய்யிதான்னு எப்படி லா தெரியும்?" என்றார் துணைத்தலைவர் மெல்லிய குரலில்.

"கறுப்புல என் குரல் ஒல்லியா கேக்குது," என்றார் லோகேஸ்வரி. "பாக்கவும் பேட்டரி மாதிரி இருக்கு."

"இத பெட்டி சத்தத்துல டெஸ்ட் பண்ணணும் டத்தோ," என்றாள் ஜரீனா தலைவரிடம். "பேசிப் பாத்தா தெரியாது. பெட்டி வெளியிலதான் இருக்கு, அஞ்சே நிமிஷம்."

டத்தோ பட்டம் வாங்கிய தலைவர் குகன் எழுந்தார். வெள்ளி நிற மைக்கின் பின்னால் நின்று, உதவியாளரிடம் ஒரு படம் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்தார். இன்னொன்று எடுக்கச் சொன்னார். பிறகு பேசினார்.

"அன்பர்களே, மைக் என்பது கேட்பதற்கு மட்டும் அல்ல. ஒரு தலைவனுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்பதை மக்கள் பார்க்கிறார்கள். நமது பேரவை இருபத்திரண்டு ஆண்டுகளாக யாரையும் கேட்டதில்லை. ஆனால் எல்லோராலும் பார்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாரம்பரியத்துக்கு இந்த வெள்ளி மைக்தான் பொருத்தம்."

கைதட்டல் எழுந்தது. பழனியாண்டி அதை வரிக்கு வரி குறிப்பேட்டில் எழுதினார்.

"பெரிசும் நல்ல மைக்தான் டத்தோ. பெட்டிக்கு அருமையா இருக்கும்," என்றாள் ஜரீனா. "ஆனா ரொம்ப மென்ம. சின்னது கொஞ்சம் அடி தாங்கும்."

"அடிக்கப் போறது யாரும்மா?" என்றார் டத்தோ. ஏழு பேரும் சிரித்தார்கள்.

வெளியே நடராஜா பெட்டியின் மீதே உட்கார்ந்திருந்தார். நளினியைக் கண்டதும் எழுந்தார். "என்ன ஆச்சு?"

"ரிப்பன்தாங்க. பெரிசு."

"பெரிசா?" அவர் முகம் மலர்ந்தது. "அப்பச் சரி லா. நல்லவங்கதான்."

நளினி அவர் பக்கம் திரும்பாமல் காடிக் கதவைத் திறந்தாள்.

திறப்புவிழா ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குக் கூடம் திறப்பு, மைக் அறிமுகம், உடனே முதல் பதிவு என்று அழைப்பிதழில் இருந்தது. முதல் முறையாக நடராஜாவின் பெயரும் இருந்தது, கீழே, 'மதிய உணவு' என்பதற்கு மேலே. அவர் காலை ஐந்து மணிக்கே எழுந்து வெந்நீரில் கையை வைத்து, விரல்களை நீவிவிட்டு, ஒரு தடவை முழுதாக வாசித்துப் பார்த்தார். நான்கு நிமிடம். ஆட்காட்டி விரலும் நடு விரலும் மட்டும். நளினி அடுப்படியில் நின்று கேட்டாள். பழைய எட்டு நிமிடத்தில் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருந்தது. ஒவ்வொரு சுரமும் யோசித்துவிட்டு வருவது போல.

பேரவையின் மேடை ஒழுங்கில் பதினான்காவது விதி, 'பேச வருபவர் ஒலிவாங்கியைத் தாமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்' என்கிறது. ஜரீனா 'தயவுசெய்து ஊத வேண்டாம், தட்ட வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் எழுதி மைக்கின் அடியில் ஒட்டியிருந்தாள். விழாக் குழு அதை அமங்கலமான வாசகம் என்று கிழித்துவிட்டு, மைக்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு சின்ன மாலை போட்டது. ஜரீனாவின் பெயர் முன்வரிசைப் பட்டியலில் இல்லாததால் அவளைக் கட்டுப்பாட்டு அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

கூடத்துக்குள்ளேயே போட்டிருந்த சிறு மேடையில் இறைவாழ்த்து முடிந்தது. டத்தோ குகன் மைக்கின் முன்னால் வந்து நின்றார். மூச்சை இழுத்தார்.

"ஃபூ," என்று ஊதினார். "ஃபூ. ஃபூ. ஹலோ."

கண்ணாடிக்குப் பின்னால் ஜரீனா எழுந்துவிட்டாள். அவள் முன்னால் திரையில் கோடு ஒரு முறை மலை போல எழும்பி, அப்படியே படுத்துவிட்டது. அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தபோது, தலைவர் உரையின்போது யாரும் நடமாடக் கூடாது என்று தொண்டர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பழனியாண்டி எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்திலேயே பழைய மைக் ஒன்றை வைத்திருந்தார். ஒலிபெருக்கிக்குப் போனது அதன் சத்தம்தான். எனவே செத்துப்போன மைக்கை அடுத்த ஆறு பேரும் வரிசையாக வந்து ஊதினார்கள். துணைத்தலைவர் விரலால் தட்டியும் பார்த்தார். ஏழு உரைகள். பொன்னாடைகள். பொன்னாடை விட்டுப்போனவர்களுக்கு மறுபடியும் பொன்னாடைகள். நடராஜா மேடையின் ஓரத்தில், ஏர்கண்டுக்கு நேர் கீழே, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நளினி எழுந்து போய்த் தன் சால்வையை அவர் இடது கையின் மேல் சுற்றிவிட்டு வந்தாள். குளிர் அந்த விரல்களுக்கு ஆகாது.

இரண்டரை மணிக்கு அவர் பெயரை அழைத்தார்கள். கூட்டம் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டிருந்தது. ஜரீனா அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணே, மைக் போச்சு. மன்னிச்சிருங்க. சாதா மைக்லயாவது எடுத்துருவோம்."

"ஏதோ ஒண்ணுல எடும்மா," என்றார் நடராஜா.

பெட்டியை ஆன் செய்தார். வாசிக்கத் தொடங்கினார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் நடு விரல் கம்பியின் மேல் போய் நின்றது, அழுத்தவில்லை. அவர் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே இடம். வலது கையால் அந்த விரலைப் பிடித்துக் கம்பியில் வைத்துப் பார்த்தார். பிறகு, வைத்த கையை எடுக்க வேறு கை இல்லாதவர் போல அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கி வர மாட்டேங்குது," என்றார், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

பின்னாலிருந்து லோகேஸ்வரி சொன்னார்: "பரவால்ல அண்ணே, சாப்புட்டு வாசிங்க. மட்டன் தீர்ந்துரும்."

பேரவை விஷயத்தை அப்படியே விட்டுவிடவில்லை. பொதுச்சொத்து சேதமடைந்திருக்கிறது. விசாரணைக் குழு அமைத்தார்கள். மைக்கை ஆதாரமாகத் துணியில் சுற்றி, ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சம்பவம் நடந்த இடம் என்பதால் கூடத்தையும் பூட்டினார்கள். விசாரணைக் குழுவில் அதே ஏழு பேர்.

ஜரீனா எழுத்து மூலம் விளக்கம் கொடுத்தாள். நாடா என்றால் என்ன, மூச்சுக் காற்று என்ன செய்யும் என்று படம் வரைந்து காட்டியிருந்தாள். குழு அதை ஆராய்ந்து, 'ஏழு பொறுப்பாளர்கள் தனித்தனியே சரிபார்த்த ஒரு கருவி பழுதடைய வாய்ப்பே இல்லை' என்று குறிப்பெழுதியது. ஆகவே வேறு காரணம் இருக்க வேண்டும். செப்டம்பரில் நளினியை அழைத்தார்கள்.

"மைக்குக்கும் பெட்டிக்கும் எவ்வளவு தூரம் இருந்திச்சு?" என்றார் பழனியாண்டி.

"ஒரு நாலு அடி இருக்கும் சார்."

"பெட்டி சத்தம் போடக்கூடியதுதானே?"

"போடும். ஆனா அப்ப அது ஆன் பண்ணவே இல்ல சார். டத்தோ பேசுறப்ப பிளக்கே மாட்டல."

"ஆன் பண்ணாட்டியும் அதுக்கு அந்தச் சக்தி இருக்குல்ல?"

டத்தோ குகன் பரிவோடு முன்னால் சாய்ந்தார்.

"தங்கச்சி, நாங்க யாரு மேலயும் பழி போட விரும்பல. பேரவை ஒரு குடும்பம். குடும்பத்துல தலைவன் தப்புப் பண்ணிட்டான்னு வெளிய தெரிஞ்சா குடும்பம் என்னாவும்? பெட்டின்னா அதுக்கு மானம் மரியாத ஒண்ணுமில்ல. அது தாங்கிக்கும். பெட்டியாலதான் ஆச்சுன்னு பிரதிநிதியா நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா, கேஸ் முடிஞ்சிரும். மைக்க ரிப்பேருக்கு அனுப்பிரலாம்."

"போட்டா எத்தன நாள்ல ரிப்பேர் ஆவும் டத்தோ?"

"ரெண்டு மாசம்."

ஆட்காட்டி விரலில் அப்போது கொஞ்சம் உயிர் இருந்தது. நளினி கையெழுத்துப் போட்டாள். 'பெட்டியின் சார்பில் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று அவர்கள் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போனதும் நடராஜா, என்ன கேட்டார்கள் என்றார். "சும்மா லா, உங்கள பத்தி விசாரிச்சாங்க," என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தேத்தண்ணி கலக்கப் போனாள். சீனி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள்.

மைக் டிசம்பரில் திரும்பி வந்தது. ஜரீனா யாரிடமும் அனுமதி கேட்காமல், லோகேஸ்வரியிடம் கூடத்தைப் பெருக்க வேண்டும் என்று சாவியை வாங்கி, நடராஜாவையும் நளினியையும் ஒரு செவ்வாய்க்கிழமை வரச் சொன்னாள். நளினிதான் காடியை ஓட்டினாள். நளினிதான் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். நடராஜாவின் இடது கை மடியில், யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனது போல இருந்தது.

"வரல நளினி," என்று வழியிலேயே சொல்லியிருந்தார். "போயி என்ன பண்ணப் போறோம்?"

"மைக்கப் பாத்துட்டு வருவோம். இவ்ளோ பாடு பட்டோம்."

ஜரீனா வெள்ளி மைக்கைப் பெட்டியிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே சாய்த்து வைத்தாள். நடராஜா கம்பி மீட்டும் பிக்கை வலது கையில் பிடித்து, வெறும் கம்பியைத் தட்டினார். ஜரீனா அதைப் பதிந்து, உடனே போட்டுக் காட்டினாள்.

கூடத்தில் அந்த ஒற்றைச் சத்தம் எழுந்தது. கூர் மழுங்கி, சூடாக, முழுதாக, பின்னறையில் இருப்பது போலவே. நடராஜா தலையைக் குனிந்துகொண்டார்.

"இதான்," என்றார். "இதான்மா அது."

நளினி ஒரு நாற்காலியை இழுத்து அவருடைய இடது பக்கம் ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். செயலற்ற கையை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்தாள். அது இருக்க வேண்டிய இடத்தில், கிட்டாரின் கழுத்தில், தன் கையை வைத்தாள்.

"எங்க அழுத்தணும்னு சொல்லுங்க."

"ஒனக்கு எப்படி லா வரும்?"

"இருபத்தஞ்சு வருஷமா கேக்குறேன். எது தப்புன்னு எனக்குத் தெரியும். எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். "மேலருந்து ரெண்டாவது கம்பி. அஞ்சாவது கட்டம்."

"இதா?"

"ஒண்ணு தள்ளி. ம்... இன்னும் அழுத்து. நகத்தால இல்ல, சதையால."

"வலிக்குதுங்க."

"வலிக்கும். அதான் கிட்டார்."

ஜரீனா கட்டுப்பாட்டு அறைக்குள் போய், கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவுப் பொத்தானை அழுத்தினாள். ஒரு சுரத்துக்குப் பத்துத் தடவை. சில இடங்களில் கம்பி அதிர்ந்து கரகரத்தது. நளினி நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்த, நடராஜா தட்ட, அவள் விரல் நுனிகளில் கம்பியின் கோடு பதிந்து சிவந்தது. மதியத்துக்குள் முதல் வரி ஒரே ஓட்டமாக, முழுதாக வந்தது. பதினொரு சுரங்கள், பத்தொன்பது விநாடி. ஜரீனா ஒரு வெட்டும் ஒட்டும் செய்யவில்லை. கடைசிச் சுரம் அடங்கும்போது நடராஜா மெதுவாக "ம்" என்று சொன்னதும் அதில் இருந்தது.

ஜரீனா அதை அவர் பெயரில் திட்டத்துக்கு அனுப்பினாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் பதில் வந்தது. நளினி வாசலிலேயே உறையைப் பிரித்தாள். கூடத்தில் அனுமதியின்றி நடந்த பதிவு என்பதைப் பெருந்தன்மையுடன் மன்னிப்பதாகவும், ஆனால் விதிப்படி மூன்று நிமிடத்துக்குக் குறைவான இசை, இசையாகக் கருதப்படாது என்றும், பதிவில் இருவர் பங்கேற்றிருப்பது தெரியவருவதால் 'தனிக்கலைஞர்' பிரிவுக்குத் தகுதியில்லை என்றும், கலைஞர் கை குணமானதும் மருத்துவச் சான்றிதழுடன் அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். மேலே சிவப்பு முத்திரை: நிராகரிக்கப்பட்டது.

நடராஜா வீட்டு முன்னறையில் நாற்காலியில் இருந்தார். "பேரவை சுராட்டா? லெட்டர்ல என்ன போட்டிருக்கான்?"

நளினி கடிதத்தை விரித்து நின்றுகொண்டே படித்தாள். "அன்புடைய கலைஞர் நடராஜா அவர்களுக்கு. உங்க இசை கெடச்சிச்சு. எங்க எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சிருந்திச்சு. உங்க பேர்லயே வெளியிடுறோம். முதல் இசை உங்களோடதுதான்."

"பத்தொம்போது செகண்டுமா?"

"முழுசும்."

வாசல் வெளிச்சம் அவள் பின்னாலிருந்து விழுந்துகொண்டிருந்தது. மெல்லிய தாள். சிவப்பு முத்திரை மறுபக்கம் இடவலம் மாறி, ஆனால் தெளிவாகத் தெரிந்தது. நடராஜா அதைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் படித்து முடித்து மடிக்கும் வரை காத்திருந்தார்.

"நல்லா எழுதியிருக்காங்க," என்றார்.

"ஆமாங்க."

"நீ படிச்சதும் நல்லா இருந்திச்சு."

நளினி அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவரைப் பார்க்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"ரெண்டாவது வரி எங்க ஆரம்பிக்கிதுன்னு தெரியுமா ஒனக்கு?" என்றார் அவர்.

"தெரியாது."

"பன்னெண்டாவது நோட்டு. கீழருந்து மூணாவது கம்பி. கிட்டார எடு."

அவள் கிட்டாரை அவர் மடியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, விரலைக் கம்பியில் வைத்தாள். அவர் தாடையால் இடம் காட்டினார். அவள் ஒரு கட்டம் தள்ளி வைத்தாள். அவர் ம் என்றார். அவள் அழுத்தினாள்.

அவர் வலது கையைத் தூக்கினார். விரல்களுக்கு நடுவிலிருந்து பிக் நழுவித் தரையில் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். நளினி கம்பியிலிருந்து விரலை எடுக்கவில்லை. மற்றக் கையால் குனிந்து பிக்கை எடுத்து, அவர் விரல்களுக்கு நடுவே வைத்து, அவர் விரல்களைத் தன் விரல்களால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத் தட்டுங்க," என்றாள்.